அடி வேகும் பை: கழற்றும் அடித்தட்டு கொண்ட 23 செ.மீ. டின், ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு

வீட்டில் காய்கறிப் பூரணம் வைத்துப் பை சுடுகிறவர்களின் குறை பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும். மேலோடு பொன்னிறமாக எழுந்திருக்கும், பூரணத்தில் உப்பும் மிளகும் சரியாக நின்றிருக்கும், ஆனால் முதல் துண்டை எடுத்துத் தட்டில் வைத்ததும் அடிமாவு வெளுத்து, ஈரத்தோடு, கத்தியில் பசை போல ஒட்டிக்கொண்டு வரும். நான் நெடுநாள் இதற்கு மாவையும் வெண்ணெயையும் என் கைப்பக்குவத்தையும் மாறி மாறிக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆறு மாதங்களுக்கு முன் பாத்திரத்தை மாற்றினேன். அதன் பிறகு சுட்ட இருபதுக்கும் மேற்பட்ட பைகளை வைத்துத்தான் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒரு சொல் பற்றி. 'காய்கறிப் பை' என்று எழுதினால் கடைக்கு எடுத்துப் போகும் துணிப்பைதான் கண்முன் வருகிறது என்று வீட்டில் ஏற்கெனவே கேலி செய்துவிட்டார்கள். எனவே இந்தக் கட்டுரையில் 'பை' என்று வருமிடமெல்லாம் மாவு ஓட்டுக்குள் பூரணம் வைத்து ஓவனில் சுடும் பண்டத்தையே குறிக்கிறது. கைப்பிடி உள்ள பை எங்கும் வராது.

டின்னின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். மேல் விட்டம் 23 செ.மீ., உயரம் மூன்றரை செ.மீ.; கரும்பழுப்பு நிற நான்ஸ்டிக் பூச்சு போட்ட கார்பன் எஃகு. இரண்டு பாகங்கள் உண்டு: மடிப்பு மடிப்பாக விளிம்பு வைத்த வளையம் ஒன்று, அதன் உள்விளிம்பின் மேல் சும்மா உட்காரும் வட்டத் தட்டு ஒன்று. கிளிப்போ திருகோ இல்லை. மாவு விரித்த பிறகு ஏறத்தாழ ஒன்றே கால் லிட்டர் பூரணம் கொள்ளும். ஆறு பேருக்கு ஒரு வேளைக்குப் போதும். இதே அமைப்பில் பல நிறுவனங்கள் செய்து விற்பதாலும், நான் எழுதப்போகும் நிறை குறைகள் அமைப்பைச் சார்ந்தவை என்பதாலும், வாங்கிய டின்னின் பெயரைக் குறிப்பிடவில்லை.

இந்த டின் என்ன செய்கிறது என்று விளங்க வேண்டுமானால், அடிமாவு ஏன் வேகாமல் நிற்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். மாவு சிவந்து மணம் கொடுக்க 140 டிகிரியைத் தாண்டிய வெப்பம் வேண்டும். மாவில் தண்ணீர் நிற்கும்வரை அதன் வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டாது. வருகிற வெப்பமெல்லாம் அந்தத் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். மேலோட்டுக்கு இந்தச் சிக்கல் இல்லை, ஏனெனில் அதன் ஆவி மேலே திறந்த வெளியில் போய்விடுகிறது. அடிமாவோ மேலே ஈரப் பூரணத்துக்கும் கீழே பாத்திரத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. பூரணத்தின் ஈரம் கீழிறங்கி மாவில் ஊறுவதற்குள் மாவு இறுகிவிட்டால் வென்றோம்; ஈரம் முந்திக்கொண்டால் அது ஓவனில் சுட்ட மாவாக இருக்காது, வேகவைத்த மாவாகத்தான் இருக்கும். ஆகவே இது ஒரு பந்தயம். அதில் பாத்திரம் எவ்வளவு விரைவாக வெப்பத்தைக் கடத்துகிறது என்பதே பெரும்பகுதியைத் தீர்மானிக்கிறது.

முன்பு நான் பயன்படுத்தியது கனமான பீங்கான் பாத்திரம். அதற்குப் பின் கண்ணாடி. இரண்டுமே உலோகத்தோடு ஒப்பிட்டால் வெப்பத்தை மிகச் சோம்பலாகக் கடத்துபவை. கார்பன் எஃகின் வெப்பக் கடத்துத்திறன் சாதாரணக் கண்ணாடியைப் போல நாற்பது மடங்குக்கும் மேல்; அலுமினியம் இன்னும் பல படி மேலே. பீங்கானின் சுவர் தடிமனாகவும் இருப்பதால், அது தானே சூடேறி முடிப்பதற்குள் பூரணம் தன் நீரை விட்டுவிடுகிறது. டின்னின் கருநிறத்துக்கும் பங்கு உண்டு: பளபளப்பான உலோகம் ஓவன் சுவர்களிலிருந்து வரும் கதிர்வீச்சைத் திருப்பி அனுப்பிவிடும், கருமை அதை வாங்கிக்கொள்ளும். இதனாலேயே கருநிற டின்னில் சுடும்போது ஓரம் முந்திக் கருகாமல் இருக்க, சமையல் குறிப்பில் உள்ள வெப்பத்தைவிடப் பத்துப் பதினைந்து டிகிரி குறைத்து வைப்பது நல்லது.

இவ்வளவையும் எழுத்தில் படித்துவிட்டு நம்பிவிடக் கூடாது என்று, டின் வந்த வாரமே ஒரு சோதனை செய்தேன். 300 கிராம் மைதா, 150 கிராம் குளிர்ந்த வெண்ணெய், அரைத் தேக்கரண்டி உப்பு, ஏறத்தாழ 75 மில்லி ஐஸ் தண்ணீர் என்ற கணக்கில் இரண்டு முறை மாவு பிசைந்து, இரண்டையும் ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, ஒரே தடிமனில் தேய்த்தேன். இந்த அளவு ஒரு 23 செ.மீ. பையின் அடிக்கும் மேலுக்கும் சரியாக இருக்கும், கொஞ்சம் துண்டுகளும் மிஞ்சும். ஒரே வாணலியில் வதக்கிய வெங்காயம், கேரட், பட்டாணி, உருளைக்கிழங்குப் பூரணத்தை இரண்டு பங்காக்கி, ஒன்றைக் கண்ணாடியிலும் மற்றொன்றைப் புதிய டின்னிலும் வைத்து மூடினேன். அடிமாவை முன்கூட்டிச் சுடவில்லை, வேண்டுமென்றேதான். அடுத்தடுத்து, ஓவனின் ஒரே கீழ்த்தட்டில், 200 டிகிரியில் இருபது நிமிடமும் பிறகு 180 டிகிரியில் இருபத்தைந்து நிமிடமும் சுட்டேன்.

இரண்டின் மேல்பாகத்தையும் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு தெரியவில்லை. துண்டைக் கவிழ்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கண்ணாடியில் சுட்டதன் அடி, ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குச் சிவந்து, நடுவில் தேய்த்து வைத்த மாவின் நிறத்திலேயே இருந்தது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. டின்னில் சுட்டதன் அடி நடுவரைக்கும் பிஸ்கட் நிறத்தில் இருந்தது, நகத்தால் தட்டினால் சத்தம் கேட்டது. ஆனாலும் பூரணத்தை ஒட்டியிருந்த உள்பக்கத்தில் ஒரு மெல்லிய ஈரப் படலம் இருக்கத்தான் செய்தது. டின் பந்தயத்தில் மாவை முந்தவைக்கிறது. பூரணத்திலிருக்கும் தண்ணீரை அது எங்கும் அனுப்பிவிடுவதில்லை. கண்ணாடிக்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும்: அடி சிவந்ததா என்று தூக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் வசதி அதில் மட்டுமே உண்டு. ஆனால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு சூடான ஓவனுக்குள் வைத்தால் கண்ணாடி வெடிக்கக்கூடும் என்ற அச்சத்தில் அதை வெளியே வைத்துக் காத்திருக்க, அதற்குள் வெண்ணெய் இளகிவிடும். உலோக டின்னில் அந்தக் கவலை இல்லை. உறைநிலைப் பெட்டியிலிருந்து நேரே ஓவனுக்குப் போகலாம். எனக்கு இந்த ஒரு வசதியே பெரிதாகப் பட்டது.

பூரணத்தின் தண்ணீரைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனெனில் டின் வாங்கியதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்து நானே இரண்டாவது வாரத்தில் ஏமாந்தேன். காளானில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர்தான், பசலைக்கீரையும் அப்படியே, சுக்கினியும் தக்காளியும் இன்னும் ஒரு படி அதிகம். உருளைக்கிழங்கு எண்பது விழுக்காட்டை ஒட்டியது, அதிலும் மாவுச்சத்து ஈரத்தைப் பிடித்துக்கொள்வதால் தொல்லை குறைவு. அந்த இரண்டாவது வாரத்தில் காளானை ஐந்து நிமிடம் வதக்கி, வாசனை வந்ததும் இறக்கி, ஆறவைத்து உள்ளே வைத்தேன். சுட்டு எடுத்து அறுத்தபோது, கத்தி இறங்கிய கோட்டில் சாம்பல் நிறச் சாறு ஊறி வந்து தட்டின் பள்ளத்தை நிரப்பியது. அடி நல்ல நிறத்தில்தான் இருந்தது. பத்து நிமிடத்தில் அந்தச் சாறு அதையும் நமுக்கச் செய்துவிட்டது.

இப்போது காளானை அகலமான வாணலியில், ஒன்றன்மேல் ஒன்று குவியாமல், இரண்டு தவணையாக வதக்குகிறேன். முதலில் அது தண்ணீர் விட்டு வாணலி குளம் போலாகும். அந்தக் குளம் வற்றி, காளான் எண்ணெயில் சுரசுரவென்று பேசத் தொடங்கி, ஓரங்கள் சிவந்த பிறகே அடுப்பை அணைக்க வேண்டும். அரைக் கிலோ காளான் அப்போது பாதிக்கும் கீழாகச் சுருங்கியிருக்கும். இவ்வளவுதானா என்று மனம் கேட்கும், அதைப் பொருட்படுத்தக் கூடாது. கீரையை வதக்கி ஆறவைத்து, துணியில் கட்டிப் பிழிய வேண்டும்; அரைக் கிலோவிலிருந்து ஒரு கைப்பிடி உருண்டைதான் மிஞ்சும், கிண்ணத்தில் சேரும் பச்சை நீரைப் பார்த்தால் அது அத்தனையும் அடிமாவில் இறங்கியிருக்கும் என்பது புரியும். சுக்கினியை நறுக்கி உப்புத் தூவி அரை மணி நேரம் வடிகட்டியில் வைத்துப் பிறகு ஒற்றி எடுக்கிறேன். எல்லாவற்றுக்கும் மேலாக, பூரணம் முழுக்க ஆறியிருக்க வேண்டும். வெண்ணெய் 32 டிகிரியை ஒட்டி உருகத் தொடங்கிவிடும். வெதுவெதுப்பான பூரணம் பட்டாலே மாவிலிருக்கும் வெண்ணெய்த் துணுக்குகள் ஓவனைக் காணாமலேயே கரைந்து, படலம் படலமாக எழ வேண்டிய மாவு தட்டையாகப் படுத்துவிடும்.

இனி இந்த டின்னின் முதல் உண்மையான குறை. முட்டையும் பாலும் சீஸும் கலந்து ஊற்றும் திறந்த பைக்கு அடிமாவை முன்கூட்டித் தனியே சுட்டாக வேண்டும். அதற்குத் தேய்த்த மாவை டின்னில் படியவைத்து, முள்கரண்டியால் குத்தி, பட்டர் பேப்பர் விரித்து, மேலே உலர்ந்த பயறு நிரப்பி 190 டிகிரியில் இருபது நிமிடம் வைப்பது வழக்கம். நான்ஸ்டிக் பூச்சின் வழுவழுப்பு இங்கே எதிரியாகிறது. ஓரத்து மாவு பிடிமானம் இல்லாமல் உருகும் வெண்ணெயோடு சேர்ந்து கீழே சரிகிறது. முதல் முறை ஒரு பக்கம் முழு உயரத்திலும் எதிர்ப்பக்கம் அதில் பாதியிலுமாக, உட்கார்ந்துபோன மண்சுவர் போல வந்தது. பூச்சில்லாத பழைய அலுமினிய டின் ஒன்றில் இதே மாவு இவ்வளவு சரிந்ததில்லை. மூன்று விஷயங்களைச் சேர்த்துச் செய்த பிறகு சரியானது: மாவைத் தேய்க்கும்முன் ஒரு மணி நேரம் போதாதென்று, டின்னில் படியவைத்த பின்னும் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தேன், பயறை அடியில் மட்டும் பரப்பாமல் விளிம்பு மட்டத்துக்கு நிரப்பினேன், விளிம்புக்கு மேலே ஒரு செ.மீ. மாவை வெளிப்பக்கம் தொங்கவிட்டு, சுட்ட பிறகு கத்தியால் சீவினேன். பயறையும் பேப்பரையும் எடுத்துவிட்டு, உள்ளே முட்டை வெள்ளையை மெல்லத் தடவி, மேலும் ஆறேழு நிமிடம் வைத்தால் அந்தப் படலம் இறுகி, முள்கரண்டித் துளைகளை அடைத்துக்கொள்கிறது.

கழற்றும் அடித்தட்டு என்பது விற்பனைப் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்ட சிறப்பு. அது உண்மையிலேயே சிறப்புத்தான். சுட்ட பையை உடையாமல், ஓரம் சிதையாமல், மடிப்பு விளிம்போடு முழுசாகப் பரிமாற வேறு பாத்திரத்தில் முடியவில்லை. ஆனால் எப்படிக் கழற்றுவது என்று உள்ளே வைத்திருந்த தாளில் ஒரு வரிகூட இல்லை. இயல்பாகத் தோன்றுவது என்னவென்றால், கையுறை போட்ட உள்ளங்கையை அடியில் கொடுத்துத் தட்டைத் தூக்குவதுதான். நானும் அப்படித்தான் தூக்கினேன். வளையம் பிரிந்து, அழகாக, ஒரு பெரிய வளையலைப் போல என் முழங்கை நோக்கி இறங்கியது. ஓவனிலிருந்து வந்து ஐந்து நிமிடம்கூட ஆகாத எஃகு வளையல். கையுறை மணிக்கட்டோடு முடிகிறது. அதற்கு மேலே இருந்தது தோல். பையைக் கீழே போடாமல் மேசையில் வைத்துவிட்டேன் என்பதில் இன்றுவரை எனக்கு ஒரு சிறு பெருமை உண்டு, தழும்பும் உண்டு.

சரியான முறை எளிது. டின்னின் அடித்தட்டைவிடச் சிறிய வாயுள்ள, கவிழ்த்து வைத்த கனமான கிண்ணத்தின் மேல் டின்னை நிறுத்தி, வளையத்தை இரு கைகளாலும் கீழ்நோக்கி மெல்ல அழுத்தினால் அது தானே மேசையில் இறங்கிவிடும். பை கிண்ணத்தின் மேல் மேடையேறி நிற்கும். ஓவனிலிருந்து எடுத்துப் பதினைந்து இருபது நிமிடம் கழித்தே இதைச் செய்ய வேண்டும். சூட்டில் பூரணமும் இளகியிருக்கும், ஓடும் வளைந்து கொடுக்கும். சற்று ஆறினால் இரண்டும் கெட்டிப்படும். மடிப்பு விளிம்பில் சாறு வழிந்து கருகி ஒட்டியிருந்தால் மட்டும் ஊசிமுனைக் கத்தியால் அந்த இடத்தைத் தொட்டு விடுவிக்க வேண்டியிருக்கும்.

இரண்டு பாகம் என்றால் இடைவெளி உண்டு. இடைவெளி உண்டென்றால் ஒழுக்கும் உண்டு. கெட்டியான பூரணத்துக்கு இது பொருட்டே இல்லை. முட்டைக் கலவையை ஊற்றும்போது மாவில் மயிரிழை விரிசல் இருந்தாலும் அது வழியாக இறங்கி ஓவனின் அடியில் சொட்டிக் கருகி, சமையலறை முழுக்கப் புகையாகிவிடும். டின்னின் அடியில் எப்போதும் ஒரு தட்டையான ஓவன் தட்டு இருந்தாக வேண்டும். அந்தத் தட்டை ஓவன் சூடாகும்போதே உள்ளே வைத்துச் சூடேற்றி, அதன் மேல் டின்னை வைத்தால் அடிமாவுக்கு முதல் நொடியிலிருந்தே நேரடி வெப்பம் கிடைக்கிறது. ஒழுக்கைப் பிடிக்க வைத்த தட்டு அடியைச் சிவக்கவைக்கும் தட்டாகவும் ஆனது எதிர்பாராத இலாபம். இப்போது முன்கூட்டிச் சுடாத, மூடிய பைகூட நடுவரைக்கும் இன்னும் நன்றாகச் சிவந்து வருகிறது.

பூச்சு பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. பையை அடித்தட்டின் மேலேயே வைத்துத் துண்டு போடுவது இயல்பு. இரும்புக் கத்தி பட்டால் இத்தகைய பூச்சு கீறும். நான்காவது மாதத்தில் தட்டின் நடுவில் சக்கரத்தின் ஆரங்கள் போலக் கோடுகள் விழுந்துவிட்டன, அதில் இரண்டில் எஃகு தெரிகிறது. ஒருமுறை இரவு ஈரத்தோடு விட்டுவிட்டதில் அந்தக் கோடுகளில் துரு ஏறியது. பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடலாம் என்று பெட்டி சொல்கிறது. வளையத்தின் உருட்டிய விளிம்புக்குள் தண்ணீர் தங்கி நிற்பதைப் பார்த்த பிறகு நான் போடுவதில்லை. கையால் கழுவித் துடைத்து, அணைத்துவிட்ட ஓவனின் மிச்சச் சூட்டில் பத்து நிமிடம் வைத்து எடுக்கிறேன். இந்த வகைப் பூச்சு 260 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கும் என்பதால் காலி டின்னை மிகுந்த சூட்டில் விடுவதும் கூடாது. பை சுடுவதற்கு அவ்வளவு வெப்பம் ஒருபோதும் தேவைப்படாது என்பதால் இது நடைமுறையில் தொல்லையில்லை. இன்று மறுபடி வாங்குவதாக இருந்தால், இதே அமைப்பில் பூச்சில்லாத, ஆனோடைஸ் செய்த (மின்வேதி முறையில் மேற்பரப்பைக் கடினமாக்கிய) அலுமினிய டின்னைத் தேடுவேன். அது துருப்பிடிக்காது, ஓரத்து மாவுக்கும் கொஞ்சம் பிடிமானம் கிடைக்கும்.

பாத்திரத்தோடே மேசையில் வைத்துக் கரண்டியால் அள்ளிப் பரிமாறும், மேலே மட்டும் மாவு மூடிய பையைத்தான் செய்கிறீர்கள் என்றால் இந்த டின் உங்களுக்குத் தேவையில்லை. அதற்குப் பீங்கானே பொருத்தம், சூட்டையும் நெடுநேரம் தாங்கி வைத்திருக்கும். அடியும் ஓரமும் உள்ள பையை முழுசாக எடுத்துத் துண்டு போட விரும்புகிறவர்கள் தயங்காமல் வாங்கலாம். அளவைப் பார்த்து வாங்கவும். 20 செ.மீ. டின்னும் 23 செ.மீ. டின்னும் கடையில் பக்கத்தில் பக்கத்தில் கிட்டத்தட்ட ஒன்றாகத் தெரியும், ஆனால் ஒரே உயரத்தில் பெரியது மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் கொள்ளும். சிறிய டின்னுக்கு எழுதப்பட்ட குறிப்பைப் பெரியதில் செய்தால் பூரணம் பாதியில் நின்று மேலோடு குழிந்துவிடும்.

கீறல் விழுந்த அந்த அடித்தட்டுக்கு இப்போது வேறொரு வேலையும் கிடைத்திருக்கிறது. மறுநாள் மிஞ்சிய துண்டுகளை மைக்ரோவேவில் வைத்தால் முந்தின நாள் பாடுபட்டதெல்லாம் இரண்டு நிமிடத்தில் நமுத்துப்போகும். துண்டுகளை வளையமில்லாமல் அந்தத் தட்டில் மட்டும் பரப்பி, 170 டிகிரியில் கால் மணி நேரம் வைத்து எடுக்கிறேன். தட்டு மெல்லியதாகையால் உடனே சூடேறி, அடி மறுபடியும் நகத்துக்குச் சத்தம் கொடுக்கும் பதத்துக்கு வந்துவிடுகிறது.